ஒரே புழு, மூன்று நாடு: பருத்திக்குப் பரிந்துரை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேளாண் விஞ்ஞானிகளுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். நான் பெரம்பலூர் மாவட்டத்தில் கரிசல் கொல்லையில் மானாவாரிப் பருத்தி போடுகிற விவசாயி. போன மார்கழியில் ஒரு நாள் காலையில் இருபது பச்சைக் காய் பறித்து, வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தேன். வெளியே ஒரு குறையும் இல்லை. பளபளவென்று, கைக்குக் கனமாக, நல்ல காய்கள். உள்ளே ஏழு காயில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இருபதில் இரண்டு காயில் புழு இருந்தாலே சேதம் எல்லையைத் தொட்டுவிட்டது என்பது நீங்கள் சொல்லிக் கொடுத்த கணக்கு. என் கொல்லையில் ஏழு. போட்டிருந்ததோ பி.டி. பருத்தி, அதாவது புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பருத்தி, அதுவும் இரண்டு நஞ்சு சேர்த்த விதை.

பக்கத்துக் கொல்லைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "புழு பழகிருச்சு" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது இதுதான். மருந்துக்குப் பழகிவிட்டது, பி.டி.க்குப் பழகிவிட்டது. இந்த ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் முதலில் பேச வேண்டும். பயிற்சிக் கூட்டங்களில் நீங்களும் சில சமயம் இதே சொல்லைத்தான் சொல்கிறீர்கள்.

புழு பழகுவதில்லை. கசப்பு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து மனிதன் பழகிக்கொள்வான். புழுவுக்கு அந்த அவகாசம் கிடையாது. லட்சக்கணக்கான புழுக்களில் ஏதோ ஒன்றுக்கு, நஞ்சு போய் ஒட்டிக்கொள்ளும் இடம் குடலில் சற்றே மாறி அமைந்திருக்கும். நஞ்சு இல்லாத காலத்தில் அதனால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. நஞ்சு வந்ததும் மற்றவை சாகும், அது மிஞ்சும். புழு வளர்ந்து அந்துப்பூச்சி ஆகும், ஒரு தாய் அந்து நூறு, இருநூறு முட்டை வைக்கிறது. முட்டையிலிருந்து மறுபடி அந்தாக ஏறக்குறைய ஒரு மாதம். பருத்தி நிற்கும் ஒரு பருவத்துக்குள் நாலைந்து தலைமுறை ஓடிவிடும். எந்தப் புழுவும் யோசிக்கவில்லை, திட்டம் போடவில்லை. பிறப்பில் வேறுபாடு இருந்தது, சாவு சலித்தது, மிஞ்சியது பிள்ளைக்குப் போனது. சல்லடையைப் பிடித்திருந்த கை மட்டும் நம்முடையது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பூச்சிக்கு மருந்து பலிக்காமல் போகுமா என்ற கேள்வியை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பழத்தோட்டங்களைப் பார்த்த மெலாண்டர் என்ற பூச்சியியல் அறிஞர் 1914-லேயே எழுப்பிவிட்டார். அங்கே செதில் பூச்சி, சுண்ணாம்பு-கந்தகக் கரைசலில் சாகாமல் தப்பிக்கொண்டிருந்தது.

பழகுவது நாங்கள்தான். பழக்கம் என்பது மனிதனுடைய சொத்து. அந்தப் பழக்கம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று என் கொல்லையை வைத்தே சொல்கிறேன்.

அப்பா காலத்தில் கடைசி எடுப்பு முடிந்த கையோடு கொல்லையில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ராமநாதபுரம் பக்கமிருந்து மந்தை ஓட்டிவரும் கீதாரிகளின் ஆடுகள், செடியில் மிச்சமிருக்கும் பூ, பிஞ்சு, வெடிக்காத காய் என்று ஒன்று விடாமல் மேய்ந்துவிடும். அப்புறம் பருத்திமாரை, அதாவது மிஞ்சிய செடித்தண்டை, பிடுங்கி அடுப்புக்குக் கொண்டுவருவோம். கிடை போட்டது எருவுக்காக. மார் பிடுங்கியது விறகுக்காக. வெடிக்காத காய்க்குள் இரண்டு விதையைச் சேர்த்துப் பிணைத்துக்கொண்டு அதற்குள் புழு மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரியாமலே, ஒவ்வொரு மாசியிலும் அடுத்த வருடத்துப் புழுவை அவர் குறைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேஸ் அடுப்பு வந்தது, மார் வேண்டாமல் போனது. கிடைக்கு வரும் ஆடு குறைந்தது. புது ஒட்டு ரகங்கள் ஒரு மழை கிடைத்தால் போதும், மறுபடி துளிர்த்துப் பூக்கும். விலையும் நன்றாக இருக்கும் வருடத்தில் யார் செடியைப் பிடுங்குவார்கள்? பங்குனி வரைக்கும் நிற்கட்டும், இன்னும் ஒரு எடுப்பு வரும் என்று விட்டோம். இந்தப் பாதுகாப்பை விட்டுவிடுவோம் என்று எங்கள் ஊரில் ஒருவரும் முடிவெடுக்கவில்லை. அது ஒரு பாதுகாப்பு என்றே தெரியாததால், போனதும் தெரியவில்லை.

அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. 1919-ல் சென்னை மாகாணம் பயிர்ப் பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் என்றே ஒரு சட்டம் போட்டது. இந்தியாவில் ஒரு மாகாணம் அப்படிச் சட்டம் செய்தது அதுதான் முதல்முறை. கம்போடியா என்ற ரகத்துப் பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கி அழிக்க வேண்டும் என்று அதன்கீழ் ஆணை இருந்தது. வருடத்தில் சில மாதமாவது பருத்தியே இல்லாத நிலம் இருக்க வேண்டும், புழுவின் சங்கிலி அங்கே அறுபட வேண்டும் என்பது அதன் எண்ணம். நூறு வருடத்துக்கு முன்னால் இருந்த ஒரு நல்ல எண்ணம் இன்று என் ஊரில் யாருக்கும் நினைவில் இல்லை. புழுவிடம் இப்படி நடக்காது. அதற்குப் பயன்படுகிற ஒன்றை, அதைப் பயன்படுத்தும் நிலைமை நீடிக்கும்வரை, அது மறப்பதே இல்லை.

இன்னொரு வித்தியாசம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. புழுவிடம் பலிக்காதது அன்றைக்கே செத்துப்போகிறது. எங்களிடம் பலிக்காத பழக்கம் சாவதில்லை.

ஒரு வருடம் நான் சைப்பர்மெத்ரின் அடித்தேன். புழு குறையவில்லை. பத்து நாள் கழித்து, கடனுக்குக் கொடுக்கும் ஒரு மருந்துக் கடையில் போய்ச் சொன்னதும், "இதை மாத்திப் பாருங்க" என்று லாம்டா சைஹாலோத்ரின் கொடுத்தார்கள். அதுவும் கேட்கவில்லை. அடுத்து ப்ரொஃபெனோஃபாஸ் கலந்த மருந்து. அந்தக் கலவையின் மறுபாதி என்னவென்று வெகு நாள் கழித்துத்தான் டப்பாவைப் படித்தேன்: சைப்பர்மெத்ரின். மூன்று தடவை பெயர் மாறியது, டப்பா மாறியது, விலை ஏறியது. மூன்றிலும் இருந்த பைரெத்ராய்டு என்ற அந்தக் குடும்பம், புழுவின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகிறது. மருந்தை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அதே சல்லடையை மூன்று தடவை பிடித்திருக்கிறேன். தவிர, முட்டை பொரித்து ஓரிரு நாளுக்குள் காய்க்குள் போய்விடும் புழுவை வெளியே அடிக்கும் மருந்து எப்படித் தொடும்? சிலந்தியும் பொறிவண்டும் இலைமேல் இருந்தன, அவைதான் செத்தன.

அந்த வருடம் கடைக்கு நான் பாக்கி வைத்தேன். பாக்கி இருக்கும்போது வேறு கடைக்குப் போக முடியாது, வேறு யோசனை கேட்கவும் முடியாது. அடுத்த வருடமும் அதே கடை, அதே வரிசை. எந்தப் பயிர்ப் பாதுகாப்பு முறை பிழைக்க வேண்டும் என்பதைப் புழு தீர்மானித்திருந்தால், மூன்றாவது டேங்க்கோடு அது முடிந்திருக்கும். கடன் நோட்டு தீர்மானித்ததால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இது என் ஒருவன் கதை இல்லை. 1980-களின் தொடக்கத்தில் இந்தியப் பருத்திக்கு வந்த பைரெத்ராய்டு மருந்துகள், 1987-88-ல் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பச்சைக் காய்ப்புழு என்ற இன்னொரு பருத்திப் புழுவிடம் தோற்றன. மருந்து மேல் மருந்து அடித்துக் கடனாளியான விவசாயிகள் அப்போது உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து அடித்தபோது நஞ்சேறி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முப்பது வருட இடைவெளி. புழு எத்தனை தலைமுறை தாண்டியிருக்கும்! தெளிப்பானைத் தூக்கிப் போகும் எங்கள் பழக்கம் ஒரு தலைமுறைகூடத் தாண்டவில்லை.

இனி, அந்த 120 கிராம் பொட்டலத்துக்கு வருகிறேன்.

பி.டி. பருத்தி வந்த நாளிலிருந்து 450 கிராம் விதையோடு 120 கிராம் சாதா விதை தனியாக வரும். கொல்லையைச் சுற்றி அதை விதைக்கச் சொன்னார்கள். முதல் மூன்று வருடம் நான் அதைப் பிரிக்கவே இல்லை. வரப்பில் கொட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். புழு தின்பதற்கென்றே ஐந்து வரிசை பயிர் வைக்கச் சொன்னால் யார் வைப்பார்கள்? வண்டு, புழு வராமல் தடுக்கத்தான் அந்த விதை என்றுகூட ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

அதன் காரணத்தை நான் புரிந்துகொண்டது வெகு தாமதமாக. நஞ்சில் சாகாத புழு முதலில் அபூர்வம். அந்தக் குணம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்கு முழுசாகப் பலிக்கும். பக்கத்தில் சாதாப் பருத்தியில் வளர்ந்த அந்துகள் ஏராளமாக இருந்தால், பி.டி. செடியில் தப்பிய ஒன்றிரண்டு அந்து அவற்றோடுதான் போய்ச் சேரும். பிள்ளைகள் ஒருபக்கக் குணத்தோடு பிறந்து பி.டி. செடியைத் தின்று செத்துப்போகும். அந்த ஐந்து வரிசை புழுவுக்குப் போட்ட விருந்து இல்லை. புழுவின் வம்சத்தில் நாம் வைத்திருக்க வேண்டிய சேமிப்பு. பச்சைக் காய்ப்புழுவுக்குத் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி எல்லாம் உணவு. அந்தப் பயிர்களே அதற்கு அந்தச் சேமிப்பைக் கொடுத்துவிடும். இளஞ்சிவப்புப் புழுவோ இங்கே ஏறக்குறைய பருத்தியை மட்டுமே நம்பிப் பிழைப்பது. அதற்கு அந்த 120 கிராம் ஒன்றுதான் வழி. அதைத்தான் ஊர் ஊராக வரப்பில் கொட்டினோம்.

2002-ல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். 2008-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புப் புழு முதல் நஞ்சைத் தாங்கி நின்றது தெரிந்துவிட்டது. 2006-ல் வந்த இரண்டு நஞ்சு விதையும் அடுத்த பத்து வருடத்துக்குள் அதே குஜராத்தில் தோற்கத் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவியது.

புழுதான் கெட்டிக்காரப் புழுவோ என்று நினைக்கத் தோன்றும். அதற்குப் பதில் அமெரிக்கா, சீனா என்ற மற்ற இரண்டு நாட்டில் இருக்கிறது.

இதே புழுவுக்கு அறிவியல் பெயர் வைத்தது 1843-ல், குஜராத்தின் பரூச்சில் பருத்தியைத் தின்ற புழுவை வைத்து. பருத்தியோடு பருத்தியாக எகிப்துக்கும், அங்கிருந்து விதையோடு மெக்சிகோவுக்கும் பயணப்பட்டு, 1917-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் இறங்கியது. அரிசோனா மாநிலத்து விவசாயிகளைப் பல வருடம் ஆட்டிவைத்தது. அங்கே 1996-ல் பி.டி. பருத்தி வந்தபோது சாதாப் பருத்தியும் போடச் சொன்னார்கள், பெரும்பாலானவர்கள் போட்டார்கள். வருடா வருடம் விஞ்ஞானிகள் கொல்லைகளில் காய் பறித்துப் போய், புழுவுக்கு எதிர்ப்பு ஏறுகிறதா என்று பார்த்தார்கள். 2006-லிருந்து இன்னொன்றும் செய்தார்கள். ஃபீனிக்ஸ் நகரத்தில் புழுவை வளர்த்து, மலடாக்கிய அந்துகளை விமானத்திலிருந்து தூவினார்கள், வருடத்துக்கு ஏறக்குறைய 200 கோடி. தப்பிய அந்துக்குக் கிடைத்த துணையெல்லாம் மலடு. 2018 அக்டோபரில் அமெரிக்கப் பருத்தி நிலங்களில் இந்தப் புழு ஒழிந்துவிட்டதாக அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது. செலவு பெரிது, பண்ணைகளும் பெரியவை. அதையே இங்கே செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு நெருக்கமானது சீனாவின் கதை. யாங்சி ஆற்றுப் படுகையில் நம்மைப் போலவே சிறு விவசாயிகள். ஒரே நஞ்சு உள்ள பருத்திதான். 2005-லிருந்து 2010 வரை புழுவின் எதிர்ப்பு மெல்ல ஏறியது. அதன்பிறகு இறங்கியது! காரணம் விதை. பி.டி. பருத்தியையும் சாதாப் பருத்தியையும் கையால் ஒட்டி எடுக்கும் முதல் தலைமுறை விதை விலை கூடுதல். அதன் இரண்டாம் தலைமுறை விதை மலிவு. விவசாயிகள் மலிவு விதைக்கு மாறினார்கள். அந்த விதையில் நூறு செடிக்கு எழுபத்தைந்து செடி பி.டி., இருபத்தைந்து செடி சாதா. யாரும் ஒதுக்கச் சொல்லாமலே கொல்லை முழுக்கச் சாதாப் பருத்தி கலந்து நின்றது. எங்கள் அப்பாவின் கிடையைப் போலத்தான் இதுவும். வேறொன்றுக்காகச் செய்தார்கள், புழு குறைந்தது.

பரிணாமம் மூன்று நாட்டிலும் ஒரே விதிப்படிதான் நடந்தது. சலிப்பது, மிஞ்சுவது, பெருகுவது என்பதைத் தவிர அந்தப் புழுவுக்கு வேறு வழி எங்குமே தெரியாது. அரிசோனாவில் அழிந்ததும் யாங்சியில் அடங்கியதும் குஜராத்தில் வென்றதும் மனிதர்களின் பழக்கத்தால்.

அதனால்தான் நான் நம்பிக்கையோடு எழுதுகிறேன். ஒரு புழுவுக்குத் தன்னைப் பெற்றவர்களிடமிருந்து வந்தது மட்டும்தான் சொத்து. நான் முகம் பார்க்காத ஒரு சீன விவசாயியிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். கைவிட்ட ஒன்றை அப்பாவின் காலத்திலிருந்து திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். வரப்போகும் ஐந்து வருடத்தை நினைத்து இன்றைக்கு ஒரு எடுப்பை விட்டுக்கொடுக்கலாம். இதில் எதுவும் புழுவால் ஆகாது. நாங்களோ இந்த வசதிகளில் ஒன்றை மட்டும்தான் பயன்படுத்துகிறோம்: பக்கத்துக் கொல்லையைப் பார்த்துச் செய்வது. ஒருவர் போட்ட ரகம் ஊரே போடுகிறது, ஒருவர் அடித்த மருந்து மறுநாள் ஊரே அடிக்கிறது. தாலுகா முழுக்க ஒரே ரகம், ஒரே நஞ்சு. வேறுபாட்டைப் புழுவிடம் விட்டுவிட்டு நாங்கள் ஒரே அச்சாகிவிட்டோம்.

உங்களிடம் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. முதலில் பரிந்துரைச் சீட்டில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில், அது புழுவை எந்த வழியில் தாக்குகிறது என்று காட்டும் செயல்முறைக் குழு எண்ணைத் தமிழில் போடுங்கள். உலகம் முழுக்க இந்த எண்கள் இருக்கின்றன. பைரெத்ராய்டுகள் 3, ப்ரொஃபெனோஃபாஸ், குயினால்பாஸ் எல்லாம் 1, இமிடாக்ளோபிரிட் 4, எமாமெக்டின் 6, குளோரான்ட்ரானிலிப்ரோல் 28. டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீல, பச்சை முக்கோணம் மனிதனுக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்கிறது. அது வேண்டும்தான். புழுவுக்கு இது பழைய அடியா, புது அடியா என்று சொல்ல இந்த எண் வேண்டும். படிக்கத் தெரியாத என் சித்தப்பாவுக்கும் எண் தெரியும். போன தடவை 3 அடித்தால் இந்தத் தடவை 3 வேண்டாம் என்று கடையில் நின்று அவரே சொல்லிவிடுவார்.

சாதா விதையைப் பி.டி. விதையோடு ஒரே பையில் கலந்து தரும் முறை இப்போது வந்திருக்கிறது. நல்லது. அந்தக் கலவை சரியாக இருக்கிறதா, அந்தச் சாதா விதை முளைக்கிறதா என்று சோதித்து, விதைப்புக்கு முன்னால் முடிவை எங்களுக்குச் சொல்லுங்கள். எதற்காகக் கலந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். காரணம் தெரியாத பழக்கம் எப்படிச் செத்துப்போகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் முடிக்கும் தேதி. ஒருவர் மட்டும் மாசியில் செடியைப் பிடுங்கிப் பலனில்லை, பக்கத்துக் கொல்லையில் சித்திரை வரை நின்றால் அந்து அங்கே பிழைத்திருந்து வரும். வட்டாரத்துக்கு ஒரு தேதி வேண்டும். சட்டத்தால் மிரட்ட வேண்டாம். அந்தத் தேதிக்குள் முடிப்பவர்களுக்குப் பருத்திமாரைத் தூளாக்கும் இயந்திரத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள், கிடைக்கூலியில் ஒரு பங்கு கொடுங்கள். கோ 17 மாதிரி குறைந்த வயதில் முடியும் ரகத்தைச் சில ஊர்களில் போட்டு, பக்கத்து ஊரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா ஊருக்கும் ஒரே பரிந்துரை வேண்டாம். பத்து ஊரில் பத்து விதமாகச் செய்து, எங்கே புழு குறைந்தது, எங்கே குறையவில்லை என்று இரண்டையும் எழுதி வையுங்கள். குறையாததைத்தான் முக்கியமாக எழுத வேண்டும், அதைத்தான் யாருமே எழுதுவதில்லை.

ஆண் அந்தை வாசனையால் இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் மூன்று இரவு தொடர்ந்து எட்டு அந்துக்கு மேல் விழுந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறீர்கள். அந்தக் கணக்கைப் பால் சொசைட்டிப் பலகையில் தினமும் எழுத எங்கள் ஊர்ப் பெண்கள் தயாராக இருக்கிறார்கள். கொல்லையில் காலையில் முதலில் நிற்பவர்களும், உள்ளே புழு இருப்பதால் ரோஜா மொட்டுப் போலக் குவிந்து விரியாத பூவை முதலில் பார்ப்பவர்களும் அவர்கள்தான். பயிற்சிக்கு எப்போதும் ஆண்களையே கூப்பிடுகிறீர்கள்.

எங்கள் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறோம். பக்கம் பக்கமாக நிலம் உள்ள பன்னிரண்டு பேர் பேசி, வரும் மாசி பதினைந்துக்குள் பருத்தியை முடிப்பதென்று ஒத்துக்கொண்டிருக்கிறோம். வேறு இரண்டு பேர் இன்னும் யோசிக்கிறார்கள், அவர்களுக்கு இந்த வருடம் கடன் அதிகம். கிடைக்கு ஒரு கீதாரியிடம் பேசிவிட்டேன். கடைசி மருந்து அடித்து எத்தனை நாள் கழித்து ஆட்டை உள்ளே விடலாம் என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி, எனக்குப் பதில் தெரியவில்லை, மருந்துவாரியாக எழுதித் தாருங்கள். மார்கழி கடைசியில் ஒரு நாள் எங்கள் கொல்லைக்கு வந்து, காயில் இருக்கும் புழுக்களை எடுத்துப்போய், அவை எந்த நஞ்சுக்குச் சாகின்றன, எதற்குச் சாகவில்லை என்று பாருங்கள். பார்த்ததை மாசிக்குள் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரிப் பருத்தி விவசாயி,
பெரம்பலூர் மாவட்டம்